எழுபத்து நான்காவது சுற்று

அன்புள்ள அம்மா,

நீ கண் திறக்காவிட்டாலும் உனக்குக் காது கேட்குமாம். நர்ஸ் சொன்னார்களாம். அதனால் இதை அப்பா உன் காதருகே வாசிப்பார்.

இன்று உனக்காக ஆடிச்சுற்று சுற்றினேன். கோமதி அம்மன் கோவிலை நூற்றெட்டு முறை வலம் வர வேண்டுமல்லவா? ஒவ்வொரு சுற்றுக்கும் ரஃப் நோட்டில் ஒரு கோடு போட்டேன். நடுவில் அப்பா போன் பண்ணினார். "சாப்ட்டியா மக்கா?" என்று கேட்டவர், நான் பதில் சொல்லும் முன்பே போனை வைத்துவிட்டார். அதன்பிறகு உன் நினைப்பிலேயே கோடு போடாமல் நடந்திருக்கிறேன். எண்ணிக்கை தவறிவிட்டது. மதிலோரம் நின்று அழுதேன்.

பின்னால் வந்த ஓர் அக்கா, "ஏட்டி, ஏன் நின்னுட்ட? எழுபத்தி நாலு முடிஞ்சிட்டு, நட" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நோட்டும் பென்சிலுமா சாமி கும்பிட வந்தவ நீ ஒருத்திதான். மொத சுத்துலருந்து உன் பின்னாலதான் வாரேன். போன வருசம் எங்க அம்மைக்குச் சுத்துனேன். இந்த வருசம் வேண்டிக்கிடதுக்கு ஆளில்ல. நீ யாருக்குச் சுத்துதியோ, அவங்களுக்கே நானும் சுத்துதேன்."

இருவரும் சேர்ந்தே முடித்தோம். சந்நிதியில் உன் பெயரை அவரும் சொன்னார். கோமதி அம்மன்தான் அவரை என் பின்னால் நடக்க வைத்தாள் என்று நம்புகிறேன்.

அவருடைய அம்மாவைப் பற்றி மட்டும் நான் எதுவும் கேட்கவில்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
மூத்த மகள்