கட்டினவங்கதான் அவுக்கணும்

மார்ச் 4, செவ்வாய்

காலை முழுக்க கிளினிக்கில் ஈ ஓட்டினேன். எதிர்த் தெருவில், எலும்பு முறிவுக்குப் பச்சிலை வைத்துக் கட்டும் அம்மாவின் வாசலில் மட்டும் கூட்டம். ஊருக்கு அவர் 'கட்டுக்காரம்மா'. நான் அவருக்கு 'ஊசிப் பொண்ணு'வாம். டாக்டருக்குப் படித்தது இந்தப் பட்டத்துக்குத்தான்! எரிச்சலாக இருக்கிறது. அப்படி என்னதான் செய்கிறார் என்று பார்க்கவும் ஆசையாக இருக்கிறது.

மார்ச் 5

கடைக்குப் போகிற சாக்கில் எட்டிப் பார்த்துவிட்டேன். மூங்கில் தப்பை, துணி, பச்சை விழுது. முடிச்சை மட்டும் உடம்பால் மறைத்துக்கொண்டு போடுகிறார். ஏன்?

மார்ச் 7, வெள்ளி

கொத்தனார் காய்ச்சல் மாத்திரை கேட்டு வந்தார். நேற்று சாரத்திலிருந்து விழுந்தவர். வலது கையில் கட்டுக்காரம்மாவின் கட்டு. விரல்கள் வீங்கி நீலம் பாரித்திருந்தன. நகத்தை அழுத்திப் பார்த்தேன், சிவப்பு திரும்பவில்லை. கத்தரிக்கோலை எடுத்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

"கட்டினவங்கதான் அவுக்கணும். வேற ஆள் தொட்டா எலும்பு கூடாது."

"ரத்தமே ஓடலைங்க, கையே போயிடும்!"

மனிதர் மசியவில்லை. கொத்துக் கரண்டி பிடிக்கிற கை, அதை வைத்துத்தான் குடும்பமே சாப்பிடுகிறது— ஐயோ, என்ன ஆளுடா இது!

செருப்புகூட மாட்டாமல் எதிர்த் தெருவுக்கு ஓடினேன். சண்டை வரும் என்றுதான் நினைத்தேன். விரல் நிறத்தைச் சொன்னதும் கட்டுக்காரம்மா கைவேலையைப் போட்டுவிட்டு வந்தார். என் நாற்காலியிலேயே உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார்.

"வீக்கம் முழுசா வர்றதுக்குள்ள இறுக்கிட்டேன். என் தப்புதான்."

இருவரும் அந்த நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். மெல்லச் சிவப்பு ஏறியது. எனக்குப் போன உயிர் திரும்பியது. வீக்கம் வடிந்ததும் மாவுக்கட்டு போட வேண்டும்.

"நகத்த எதுக்கு அழுத்தின?" என்று கேட்டார். சொன்னேன். தன் நகத்தையே அழுத்தி அழுத்திப் பார்த்தார். நானும் கேட்டுவிட்டேன், முடிச்சை ஏன் மறைக்கிறார் என்று.

"பாத்தா அவனவனே அவுத்துக்குவான். அரிக்கும்ல?"

அவ்வளவுதானா!

மார்ச் 8

காலில் முள். நேற்று ஓடியதற்குப் பரிசு.

மார்ச் 27, வியாழன்

கொத்தனார் மாவுக்கட்டுக்குள் ஈர்க்குச்சியை விட்டுச் சொறிந்தபடி வந்தார். விரல்கள் நன்றாக மடங்குகின்றன. அரிப்பு தாங்காமல் நேற்று எனக்குத் தெரியாமல் கட்டுக்காரம்மாவிடம் போய்ப் பிரிக்கச் சொன்னாராம்.

"தொடவே மாட்டேன்னுட்டாங்க. டாக்டரம்மா போட்ட கட்டு, அவங்கதான் அவுக்கணுமாம்."

"யாரு போட்ட கட்டுன்னாங்க?"

"டாக்டரம்மான்னுதான்."

நன்றாகவே காதில் விழுந்தது. இருந்தாலும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.