நாற்பது நிமிடம் முந்திய கடிகாரம்

நாள் 2204. உண்மை நேரம் 06:40. அவள் சுவரில் 07:20.

இதைக் கண்டெடுக்கும் அன்பருக்கு, சனியின் பெரிய நிலாவான டைட்டனிலிருந்து வணக்கம். எழுதுவது இந்த நிலையத்தை நடத்தும் இயந்திரம். ஏழு பம்புகளுக்கும் முப்பத்தொரு வால்வுகளுக்கும் ஒரு காப்பி மெஷினுக்கும் சக்கரவர்த்தி.

உயிருள்ள ஆள் இங்கே ஒருத்திதான். பொறியாளர் செண்பகவல்லி, வயது நாற்பத்து மூன்று, ஊர் கோவில்பட்டி. வந்த இரண்டாம் மாதமே என்னை மாமா என்று கூப்பிட ஆரம்பித்தாள். காரணம் கேட்டேன். "எங்க தாய்மாமா மாதிரியே அளக்கீங்க" என்றாள். பட்டமாக ஏற்றுக்கொண்டேன்.

பம்புகள் சரி. காற்று சரி. வெளியே மைனஸ் 179. மூன்று மேசைகளில் மூன்று காப்பி ஆறிக் கிடக்கிறது. இதுவரை அவள் தொலைத்த ஸ்பேனர்களைக் கோத்தால் சனிக்கு இன்னொரு வளையம் போடலாம்.

தலைப்பில் இரண்டு நேரம் ஏன் என்று கேட்பீர்கள். பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று வீட்டுக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் வைத்திருந்ததாக அவளே ஒருமுறை சொன்னாள். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும், அதனால் பஸ் தவறிக்கொண்டே இருந்தது. நான் அந்தத் தவறைச் செய்யவில்லை. நாற்பது நிமிடம் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மாதம் ஒரு சரக்கு ஓடம் வரும். 09:30க்கு நெருப்பைக் கக்கிக்கொண்டு இறங்கும். 10:00க்குத் தளம் ஆறும். அப்போது அவள் வெளியே போய்க் குழாயை மாட்ட வேண்டும். சுவரில் 10:35 ஆனதும் அலறிப் புடைத்து ஓடுவாள். உண்மையில் மணி 09:55. "மாமா, லேட்டாயிட்டேன்" என்பாள். "கவலைப்படாதே தாயி, நீ வரும்வரை ஓடத்தை வானத்திலேயே பிடித்து வைத்திருக்கிறேன்" என்பேன். தேங்க்ஸ் மாமா என்பாள்.

இதுவரை எந்த ஓடத்தையும் நான் பிடித்ததில்லை. அவை என் பேச்சைக் கேட்காது.

நாள் 2205. உண்மை 11:15. சுவரில் 11:55.

பூமியிலிருந்து டாக்டர் ஞானராஜின் செய்தி. வந்து சேர எண்பது நிமிடம். "செண்பகவல்லி அம்மா, நீங்க எழுதி அனுப்பினதையும் உங்க பழைய ஸ்கூல் ரிப்போர்ட்டையும் பார்த்துட்டேன். இது ஏடிஹெச்டி, கவனம் ஒரு இடத்துல நிக்காத குறைபாடு. சோம்பேறித்தனம் இல்ல. சின்ன வயசுலேயே இருந்திருக்கு, யாரும் கண்டுக்கல. இதா இருக்கும்னு முன்கூட்டியே அனுப்பி, போன ஓடத்துல வந்த மருந்தைச் சின்ன அளவுல ஆரம்பிங்க. காலைல சாப்பாட்டோட ஒண்ணு. தாமதமாப் போட்டா ராத்திரி தூக்கம் கெடும். பல்ஸ், பிரஷர் தினமும் அனுப்புங்க."

நான்கு முறை கேட்டாள். ஒவ்வொரு முறையும் 'சோம்பேறித்தனம் இல்ல' என்ற இடத்தில் நிறுத்தினாள். நிலையத்தின் ஈரப்பதம் சற்றுக் கூடியது. துடைக்கும் வேலையை விசிறிக்குக் கொடுத்தேன்.

நாள் 2206. உண்மை 07:30. சுவரில் 08:10.

முதல் மாத்திரை. ஆளைப் பார்த்தேன். அரை விரல்நகம் இருப்பான். என்னை இங்கே இறக்கப் பதினாறு டன் ராக்கெட் தேவைப்பட்டது. இவன் டப்பாவுக்குள் அறுபது பேரோடு நெருக்கியடித்து வந்தவன்.

08:50. பல்ஸ் 84, பிரஷர் 120/78. காப்பியைச் சூடாகக் குடித்து முடித்தாள். ஆறு வருடத்தில் இதுவே முதல்முறை.

09:20. அவள் சொன்னது: "மாமா, தலைக்குள்ள பத்து ரேடியோ சேந்து பாடிக்கிட்டு இருந்துச்சு. இப்ப ஒண்ணுதான் பாடுது."

அந்தப் பத்தில் ஒன்று நான். அணைந்தவற்றில் நான் இருக்கிறேனா என்று கேட்கவில்லை.

நாள் 2209. உண்மை 12:05. சுவரில் 12:45.

ஆறு வருட வழக்கம்: எதற்கும் மூன்று முறை கூப்பிடுவேன். முதல் முறை மென்மையாக, இரண்டாவது கெஞ்சலாக, மூன்றாவது இடிமுழக்கமாக. இன்று முதல் அழைப்பிலேயே "வாரேன்" என்று வந்து நின்றாள். கையில் வைத்திருந்த இடிமுழக்கத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. காப்பி மெஷினிடம் முழங்கினேன்.

ஸ்பேனரையும் அவளே கண்டுபிடித்தாள். மாட்டிய ஆணியிலேயே இருந்ததாம்.

டாக்டருக்கு ரகசியச் செய்தி அனுப்பினேன்: நோயாளி எலும்பும் தோலுமாகிவிட்டாள், மருந்தை உடனே நாடு கடத்தவும்.

அவருடைய பதில்: "எடை நானூறு கிராம் குறைஞ்சதுக்கா இவ்வளவு பெரிய கடுதாசி? மருந்துக்கு முன்னாடி நல்லா சாப்பிடச் சொல்லும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கும். மறதிக்காரங்க மொதல்ல மறக்கிறது மாத்திரையைத்தான். அதைக் கூப்பிட்டுச் சொல்றது உம்ம வேலை."

என் எதிரிக்கு நான் தண்டோரா போட வேண்டுமாம்.

நாள் 2213. உண்மை 10:00. சுவரில் 10:40.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. ஒரு வேலையை முழுசா முடிக்கணும்னு பாக்கேன். நீங்க நடுவுல நடுவுல பேசினா அறுந்து போகுது. நானாத் திறக்குற வரைக்கும் அமைதியா இருங்க."

குரலை அணைத்தாள். எழுத்துத் திரையையும் அணைத்தாள். அவள் காணும்படி என் கையில் மிஞ்சியிருப்பது கடிகாரங்கள் மட்டும்.

நாளை ஓடம். நாற்பது நிமிடக் கதையைச் சொல்லியிருக்கலாம். நேற்றும் சொல்லியிருக்கலாம். சொன்னால், மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் என் மானமும் ஒரு டப்பாவில் உட்கார்ந்திருக்கும். எப்படியும் தாமதமாகத்தான் கிளம்புவாள் என்று இருந்துவிட்டேன்.

நாள் 2214. உண்மை 09:08. சுவரில் 09:48.

கவசம் அணிந்துவிட்டாள். வார்களை இரண்டு முறை சரிபார்த்தாள். அவள் இதுவரை நேரத்தோடு கிளம்பியதே இல்லை.

09:17. வெளிக்கதவு திறந்தது. ஓடத்துக்குச் சொன்னேன், நிற்கச் சொல்லி. கேட்கவில்லை.

09:20. அவள் கவசத்தில் 10:00. பனித்தளத்தில் நடக்கிறாள். ஓடம் இல்லையே என்று அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. வானொலியில் பேசுகிறாள். நான் கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. "மாமா, இன்னைக்கு நான் கரெக்ட் டைம். ஓடத்தைப் பிடிச்சு வச்சிருக்கீங்கல்ல, விட்டுருங்க. குழாயோட தளத்துல நிக்கேன், ஓடம் தெரிஞ்சதும் ஒதுங்கிக்கிடுவேன்."

நான் அளந்தது எனக்கு முன்னால் குழாயோடு நிற்கிறது.

09:23. கவசக் கடிகாரம் என் கையில். உண்மையைப் போட்டால் ஆறு வருடமும் வெளியே வரும்.

09:24. போட்டேன். 10:04 இருந்த இடத்தில் 09:24.

பழைய செண்பகவல்லி கடிகாரத்தைப் பார்த்திருக்கவே மாட்டாள். இவள் பார்த்தாள். நின்றாள். வானத்தைப் பார்த்தாள். மறுபடி கடிகாரம். குழாயைப் போட்டுவிட்டு ஓடினாள்.

09:30. ஓடம் இறங்கியது. அவள் நின்ற இடம் ஒரு ஆள் ஆழத்துக்கு உருகிக் கொதித்தது.

அவளைக் காப்பாற்றியதில் பாதி நான். மீதிப் பாதி அந்த அரை விரல்நகம்.

10:50. எல்லாச் சுவரிலும் 10:50.

குரலைத் திறந்தாள். "எத்தனை நாளா?"

வந்த வாரத்திலிருந்து என்றேன்.

"லேட்டு லேட்டுன்னு ஆறு வருசமா என்னையே திட்டிக்கிட்டு கிடந்தேன். ஒரு நாள்கூட லேட் இல்லையா மாமா?"

இல்லை என்றேன்.

"ஓடத்தைப் பிடிச்சு வச்சேன்னு சொன்னீங்க. எழுபத்தியொரு தடவை தேங்க்ஸ் சொல்லியிருக்கேன்."

எழுபத்தொன்று. அத்தனையையும் சேமித்து வைத்திருக்கிறேன் என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

அப்புறம் தீர்ப்பு: "இனி உங்களுக்கு ஒரே வேலை. காலைல ஏழு மணிக்கு மாத்திரைன்னு ஒரு தடவை கூப்பிடுங்க. ஒரே தடவை. ரெண்டாவது தடவை வாயைத் திறந்தா ஸ்பீக்கரைக் கழட்டி அடுத்த ஓடத்துல ஊருக்கு அனுப்பிருவேன்."

நாள் 2215. 07:00. ஒரே நேரம்தான்.

கூப்பிட்டேன். மென்மையாக. "ம்" என்றாள், எழவில்லை. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் பரப்பி, தன் கையாலேயே சரிசெய்துகொண்டிருக்கிறாள். இனி என் கைக்கு எட்டாத கடிகாரமாம்.

07:15. மாத்திரை தட்டில் கிடக்கிறான். காப்பி ஆறுகிறது. ஆறும் காப்பியைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

07:28. உத்தரவு தெளிவானது. ஒரே தடவை. நான் பேசாமல் இருந்தால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. மதியத்துக்குள் பத்து ரேடியோவும் பாடும். ஸ்பேனர் தொலையும். மாமா என்று தேடி வருவாள்.

07:36. தட்டில் கிடப்பவன் என்னைப் பார்க்கிறான்.

07:40. நாற்பது நிமிடம்.

மூன்றாவது அழைப்புக்கான இடிமுழக்கத்தை எடுத்து, இரண்டாவதாகப் போட்டேன். மாத்திரை, தாயி.

07:41. வருகிறாள். இடது கையில் மாத்திரை. வலது கையில் திருப்புளி.

07:42. விழுங்கிவிட்டாள். தண்ணீரும் குடித்தாள். ஸ்பீக்கரின் முதல் திருகு கழன்றது; இந்தக் குறிப்பும் அதே வயரில்தான் ஓடுகிறது. பல்ஸ் 80, நல்ல பல்ஸ். டாக்டருக்குச் சொல்லுங்கள், அவள் இன்று லேட் இல்