பட்டனுக்கு முன்னால் ஒரு பெயர்

அன்புள்ள அத்தானுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதீர்கள். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ராக்கெட் செய்த ஒருவர் சோதனைக்கு முன்னால் மந்திரம் ஓதுவாராம் என்று சாப்பிடும்போது சொன்னீர்களே, அன்றிலிருந்து அத்தைக்குத் தூக்கமில்லை. நீங்களும் ராக்கெட் விடப் பட்டனை அமுக்கும் முன் முணுமுணுப்பதாக உங்கள் மாணவர்கள் வேறு சொல்லிவிட்டார்கள்.

“ஏட்டி, எம்மவனும் மந்திரம் பண்ணுதானோ என்னமோ. இந்த ஜெப எண்ணெயை அவனுக்குத் தெரியாம ராக்கெட்டுல தடவிட்டு வா” என்று என்னை, நீங்கள் ராக்கெட் விடும் சுந்தரபாண்டியம் பொட்டலுக்கு அனுப்பினார்கள்.

எண்ணெயோடு உங்கள் பின்னால்தான் நின்றேன். மாணவர்கள் எலுமிச்சம்பழம் சுற்றி நசுக்கினார்கள். நீங்கள் கண்ணை மூடி முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

பிறந்ததும் வைக்கலாம் என்று நாம் பேசி வைத்திருந்த பெயர்.

ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்த பிறகு நான் அதைச் சொன்னதேயில்லை. நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்றே நினைத்திருந்தேன். ராக்கெட் பனைமரங்களைத் தாண்டிப் போனது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் உங்களைத்தான் பார்த்தேன். எம்புட்டுப் பெரிய மனிதரோடு குடித்தனம் நடத்துகிறேன்!

எண்ணெயை அப்படியே கொண்டுவந்துவிட்டேன். “அவிய ஜெபம்தான் பண்ணுதாவ” என்று அத்தையிடம் சொல்லியாயிற்று.

அடுத்த தடவை கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். நானும் கூடச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
அந்தப் பெயருக்கு அம்மா