எழுந்து போனால் நிற்கும் கணினி

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து வறண்ட காற்று. மேசையெல்லாம் புழுதி. இருமுறை துடைத்தாயிற்று.

முட்டை பொரிக்கும் இன்குபேட்டரின் கணினிக்குப் புதிய புராசஸர். நானே மாற்றினேன். முட்டைகளைக் கண்காணிக்கும் கேமராவும் சேர்ந்ததில் பழையது திணறியது. மேலிருந்த, சூடு தணிக்கும் ஹீட்ஸிங்கைத் திருகி எடுக்காமல் நேராக இழுத்துவிட்டேன். பசை பிடித்திருந்த பழைய புராசஸரும் கூடவே வந்துவிட்டது. அதன் அடியிலுள்ள ஊசி போன்ற பின்கள் வளைந்தன, ஒன்று ஒடிந்தது. இனி அதை மாட்ட முடியாது. யாரிடமும் சொல்வதாக இல்லை.

மதியம் 1.40. சாப்பிட்டு வந்து பார்த்தால் நின்றிருந்தது. மவுஸ் அசையவில்லை. கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னலே உறைந்திருக்கிறது. பிழை என்று ஒரு வரிகூடப் பதிவாகவில்லை.

ஹீட்டரை ஏற்றி அணைப்பது இந்தக் கணினிதான். இது நின்றால் எரிகிற ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். உள்ளே எட்டுத் தட்டு நாட்டுக்கோழி முட்டை. இன்று பதினேழாம் நாள்.

10, செவ்வாய்

RAM சோதனை, ஐந்து மணி நேரம். நிற்காமல் ஓடியது, பிழை இல்லை. அதுவரை பண்ணையில் வேலை செய்யும் கண்ணம்மா தெர்மாமீட்டரும் கையுமாக ஹீட்டரைப் பார்த்துக்கொண்டாள்.
புதிய கெர்னல்: 3.05, தபால் வாங்கி வருவதற்குள் நின்றது.
பழைய கெர்னல்: 5.20, குளித்து வருவதற்குள்.
கேமராவைக் கழற்றினால் இன்னும் சீக்கிரம் நிற்கிறது. அபத்தம்.

செந்தில் பெங்களூரிலிருந்து: "பழைய புராசஸரையே மாட்டீருங்கம்மா. இல்லீன்னா முட்டைய யாருகிட்டயாச்சும் குடுத்துட்டு, பண்ணைய மூடீட்டு இங்க வந்துருங்க."

மகன் சொல்வதில் தவறில்லை. எரிச்சல்தான் வந்தது.

11, புதன்

சாப்பிடப் போனேன். நின்றது. சூடு 102 டிகிரி வரை; இருக்க வேண்டியது 99.5. கண்ணம்மாதான் ஓடிப்போய் அணைத்தாள்.

"ஏனுங்கம்மா, நீங்க முன்னால உக்காந்து தட்டீட்டு இருந்தா அது நிக்கறதே இல்லீங்க. எந்திரிச்சு ஊட்டுக்குள்ள போனாத்தான் நின்னுக்குது."

"அதுக்கென்ன கண்ணா இருக்குது?"

"என்னமோங்க. சும்மா இருந்தா ஆகாதாட்டங்குது. உங்களாட்டவே."

அதட்டினேன். பிறகு இந்த நோட்டைப் புரட்டினேன். சாப்பாடு, தபால், குளியல். கேமராவைக் கழற்றி வேலையைக் குறைத்தபோது இன்னும் சீக்கிரம். மூச்சுவிடாமல் வேலை கொடுத்த RAM சோதனையில் மட்டும் நிற்கவில்லை. எல்லாம் என் கையெழுத்தில். வெட்கம்.

12, வியாழன்

தேடிப் படித்தேன். வேலையில்லாதபோது இந்தப் புராசஸர் ஆழ்ந்து தூங்கிவிடுமாம். பழைய பவர் சப்ளை என்றால் சில சமயம் எழாதாம். கெர்னல் தொடங்கும் வரியில் ஒரு சொல் சேர்த்தேன்: ஆழ்ந்து தூங்க விடாதே.

சோதனை எளிது. யாரும் தொடக்கூடாது. நானும்.

வெண்டைக்காய் நறுக்கினேன். மடித்த சேலைகளையே மறுபடி மடித்தேன். கேட் வரை நான்கு நடை. ஒரு மணி நேரம். மூன்று. ஓடுகிறது.

"சித்த படுங்கம்மா," என்றாள் கண்ணம்மா.

படுத்தேன். தூக்கம் எங்கே.

13, வெள்ளி

காலை 6.10. ஓடுகிறது. சூடு 99.4.

செந்திலுக்குப் போன். சரியாகிவிட்டது என்றேன். பழைய புராசஸரின் பின் ஒடிந்ததையும் சொல்லிவிட்டேன்.

"ஏம்மா, நாலு நாளா மறைச்சு வெச்சிருந்தீங்களா?"

"நீ கேக்கல."

சிரித்தான். பண்ணையை மூடும் பேச்சை எடுக்கவில்லை.

கண்ணம்மா கத்துகிறாள். "அம்மோவ்! ரண்டாந் தட்டுல குஞ்சு மூக்குத் தெரியுதுங்க, வாங்க!"