கழுத்துவலிப் பத்தி

மார்ச் 4, செவ்வாய்

ஹேல்ஸ்வெர்த் சட்டக் கல்லூரியிலிருந்து கடிதம். இடம் உண்டாம். உதவித்தொகை, கட்டணத்தில் கால்வாசி. "தங்கள் அபாரமான திறமையை மதித்து" என்று எழுதியிருக்கிறார்கள். என் திறமை கால்வாசிக்குத்தான் அபாரம் போலிருக்கிறது.

இண்டியானாவில் இன்னொரு கல்லூரி பாதி தருகிறது. ஆனால் ஹேல்ஸ்வெர்த் வீட்டிலிருந்து அரைமணி தூரம். அங்கே படித்தவர்களுக்குத்தான் எங்கள் யங்ஸ்டவுன் வக்கீல்கள் கதவைத் திறப்பார்கள். கடன் வாங்கிப் படிக்க மாட்டேன், அது மட்டும் முடிவு. சமையல் படிப்புக்கு வாங்கிய கடனை அண்ணன் ரஸ் நாற்பத்தொரு வயதில் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறான். அவன் சமைப்பது பள்ளிக்கூடத்தில், உறைந்த பீட்சா. எனக்கு முப்பத்திரண்டு. இந்த வருடம் சேரவில்லை என்றால் ஆயுசுக்கும் என் முதலாளி டேல் ஹ்ருஸ்காவின் கடிதங்களைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மார்ச் 11

தொலைபேசியில் கேட்டேவிட்டேன். கொஞ்சம் கூட்டித் தருவீர்களா என்று.

"நாங்க பேரம் பேசறதே இல்லைங்க," என்றார் சேர்க்கைப் பிரிவின் திருமதி டிஸ்டேல். "ஆனா மறுபரிசீலனைக்குன்னு ஒரு படிவம் இருக்கு. வேற காலேஜ் குடுத்த கடிதத்தையும் அதோட இணைச்சிடுங்க."

பேரமே இல்லாத கடையில் பேரத்துக்கென்று தனிப் படிவம். வாய் வேண்டாம் என்கிறது, கை பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

மார்ச் 13

டேல் விபத்து வழக்கு வக்கீல். நெடுஞ்சாலைப் பலகையில் அவர் முகம் வேன் அளவுக்கு இருக்கும். காப்பீட்டு நிறுவனங்களிடம் இழப்பீடு கேட்கும் கடிதங்களை எட்டு வருடமாக எழுதுவது நான். கையெழுத்து மட்டும் அவருடையது. எனக்கா எழுதத் தெரியாது? மதிய இடைவேளையில் பழைய கடிதம் ஒன்றைத் திறந்தேன். பெயரை மாற்றினேன், தொகையை மாற்றினேன், "பதினான்கு நாட்களுக்குள்" என்பதை அப்படியே விட்டேன். படிவத்தோடு அனுப்பியாயிற்று.

மார்ச் 14

ஐயோ.

மூன்றாவது பத்தியை எடுக்கவில்லை. "இதனால் ஏற்பட்ட தீராத கழுத்துவலி, தூக்கமின்மை, ஆறு வாரச் சிகிச்சை..." சட்டக் கல்லூரியிடம் கழுத்துவலிக்கு இழப்பீடு கேட்டிருக்கிறேன். இனி அந்தப் பக்கம் கார் ஓட்டக்கூட முகம் கிடையாது.

மார்ச் 21

டிஸ்டேல் கூப்பிட்டார். "கழுத்து இப்ப எப்படிங்க இருக்கு?"

செத்தேன் என்று நினைத்தேன். ஆனால் வாய் எனக்கு முன்னால் ஓடிவிட்டது. "உங்க முதல் கடிதத்தைப் படிச்சதிலேர்ந்துதாங்க வலி."

அந்தப் பக்கம் சிரிப்பு. குழு முழுக்க அதைப் படித்துச் சிரித்ததாம். முழுக் கட்டணமும் தருகிறார்கள். முழுசும்!

ரஸ் கேக் வாங்கி வந்தான். டேலிடம் சொன்னேன். "நல்லது," என்றார். பிறகு, "அந்த லாரி கேஸ் கடிதம் அனுப்பியாச்சா?" அவ்வளவுதான்.

மார்ச் 23, ஞாயிறு

முழுக் கட்டணம் என்று வந்த கடிதத்தின் இரண்டாம் பக்கம் இன்றுதான் கண்ணில் பட்டது. வகுப்பில் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால்தான் அடுத்த வருடமும் உதவித்தொகை. இல்லையென்றால் பூஜ்யம்.

அவர்களே வெளியிடும் பட்டியலைத் தோண்டினேன். போன வருடம் வகுப்பில் நூற்றிருபது பேர். இந்த நிபந்தனையோடு பணம் வாங்கியவர்கள் அறுபது. முதல் மூன்றில் ஒரு பங்கு என்றால் நாற்பது நாற்காலி. அறுபது பேரை எப்படி உட்காரவைப்பார்கள்? மடியிலா? முப்பத்துமூன்று பேர் இழந்திருக்கிறார்கள். ஒரு வருடம் படித்தபின் யார் விட்டுவிட்டு ஓடுவார்கள், கடன் வாங்கித்தானே ஆக வேண்டும்.

மார்ச் 24

"உங்களை மாதிரி ஆளுங்க அதப் பத்திக் கவலைப்படவே வேண்டாங்க," என்றார் டிஸ்டேல்.

"அந்த முப்பத்துமூணு பேர்கிட்டயும் இதேதானே சொன்னீங்க?"

தொகையைக் குறைத்துக்கொள்ளுங்கள், நிபந்தனையை எடுத்துவிடுங்கள் என்றேன். குறைக்கச் சொல்லி இதுவரை யாருமே கேட்டதில்லையாம். குழுவிடம் கேட்பாராம்.

ஏப்ரல் 8

டேல் என் மேஜையருகே வந்து நின்றார். "போகாத நோரீன். மணிக்கு ஒரு டாலர் கூட்டித் தரேன். பத்தொம்பது இருபதாயிடும். இதுதான் கடைசி."

காப்பீட்டுக்காரன் "கடைசி" என்றால் இன்னும் மூன்று தடவை பேசலாம் என்று அர்த்தம். எனக்குச் சொல்லிக் கொடுத்ததே இவர்தான். எட்டு வருடத்தில் நான் ஒரு தடவைகூட வாய் திறந்து கேட்டதில்லை. ஊர்க் கழுத்துக்கெல்லாம் கேட்டேன்.

ஏப்ரல் 14

நாளை முன்பணம் கட்டக் கடைசி நாள். ஒரு தகவலும் இல்லை. பேராசை பிடித்தவளா நான்? வந்ததைப் பேசாமல் வாங்கியிருக்கலாமோ?

ஏப்ரல் 15

நாலு மணிக்கு வந்தது. எழுபது சதவிகிதம், மூன்று வருடத்துக்கும், நிபந்தனை இல்லை. எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் பணம் கட்டினேன். என் சேமிப்பெல்லாம் போட்டாலும் பதின்மூன்றாயிரம் துண்டு விழுகிறது. அதற்கு வழி தெரியவில்லை.

மே 6

என் இடத்துக்கு ஆள் தேடும் விளம்பரம். டேல் சொல்லச் சொல்ல நான்தான் தட்டினேன், வேறு யார்? "மணிக்கு இருபத்தாறுன்னு போடு."

"இருபத்தாறா?"

"அதுக்குக் கீழ இப்ப யாரு வரா?"

தட்டினேன். ஏழு டாலர் வித்தியாசம். ஒரு வருடத்துக்குப் பதினாலாயிரம் ஆகிறது.

மே 7

அவருக்கே ஒரு கடிதம் எழுதினேன். கடந்த ஒரு வருட வித்தியாசம், பதினான்கு நாட்களுக்குள். கொடுத்தால் புது ஆளுக்கு வேலை கற்றுக்கொடுத்து ஆகஸ்டில் போவேன், இல்லையென்றால் வெள்ளிக்கிழமையே. நாற்பது வழக்குகள் ஓடுகின்றன, எது எங்கே நிற்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். கழுத்துவலிப் பத்தியை இந்தத் தடவை வேண்டுமென்றே அப்படியே விட்டுவைத்தேன். கீழே என் கையெழுத்து.

படித்துவிட்டு நிமிர்ந்தார். "நாலாயிரம். இதுதான் கடைசி."

மே 9

மூன்றாவது "கடைசி"யில் பதின்மூன்றாயிரம். காசோலை பையில் இருக்கிறது.

சாயங்காலம் டேல் விளம்பரத்திலிருந்து ஒரு வரியை எடுக்கச் சொன்னார். "பேரம் பேசத் தெரிந்தவருக்கு முன்னுரிமை." எடுத்துவிட்டேன்.