வேடியப்பனுக்குக் கொண்டுபோன மல்லாட்டை

அண்ணா, இன்று காலை திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தி செடியோடு பிடுங்கிய மல்லாட்டையைக் கட்டுக் கட்டாக விற்றுக்கொண்டிருந்தாள். வேரில் கொத்தாகத் தொங்கிய கடலையில் ஈர மண் மணத்தது. ஒரு கட்டு வாங்கிவிட்டேன். வாங்கிய பிறகு, நீ இல்லாமல் அந்த அருங்காட்சியகத்துக்குள் எப்படி நுழைவது என்று கால் தயங்கியது.

எண்பதுகளில், ஒலக்கூர் பக்கம் நம் நிலத்தில் நின்ற, நாம் கும்பிட்டுவந்த வேடியப்பன் நடுகல்லை அங்கே கொடுத்துவிடலாம் என்றது நீதான். வில்லேந்திய வீரன், ரொம்பப் பழைய கல், மழையில் தேய்கிறது என்று யாரோ அதிகாரி உன்னிடம் சொல்லியிருந்தார். வெள்ளைக்காரன் ஆபீசுக்குக் கட்டிய கச்சேரிக் கட்டடம், ஒரு சொட்டு ஒழுகாது என்று நீ வீட்டில் வந்து பெருமை அளந்தாய். அறுவடையின் முதல் மல்லாட்டையை இனி யார் முன்னால் வைப்பது என்று அம்மா கேட்டாள். நாங்களே கொண்டுபோய் வைக்கிறோம் என்றாய். அதை நம்பித்தான் சம்மதித்தாள்.

அடுத்த அறுவடைக்கு நாம் இருவரும் போனோம். கூடத்தில் பீரங்கிக் குண்டு இருந்தது, பழைய காசுகள் இருந்தன, வேடியப்பன் இல்லை. பின்பக்கத் தாழ்வாரத்தில் நின்றார். இடுப்பைச் சுற்றிச் சங்கிலி போட்டு ஒரு சைக்கிளைப் பூட்டியிருந்தார்கள். வில்லின் மேல் ஈர லுங்கி காய்ந்தது. காவலாளி கெட்டவர் இல்லை.

"கல்லுக்கு இன்னும் நம்பர் போடல சார். சும்மாதான கீதுன்னு பூட்டிக்கினேன்" என்றார்.

செருப்பைக் கழற்றினாய், மறுபடி மாட்டிக்கொண்டாய். அந்த ஆள் எதிரில் கும்பிட உனக்குக் கூச்சம், எனக்கும்தான். மல்லாட்டை பையிலேயே இருந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாய்:

"அம்மாகிட்ட நடுக்கூடத்துல நிக்கறாருன்னு சொல்லிடு. வெளக்குகூட போட்டுகீறாங்கன்னு சொல்லு."

சொன்னேன். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நீ சோற்றுத் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. தானும் வந்து பார்க்கிறேன் என்று அவள் கேட்டபோதெல்லாம் மழை, களையெடுப்பு, பஸ்ஸில் கூட்டம் என்று ஏதாவது சொல்லித் தள்ளிப்போட்டாய். நானும் ஒத்து ஊதினேன். பார்க்காமலே போய்ச் சேர்ந்தாள். அப்புறம் நம் நிலத்து மல்லாட்டையை நீ வாயில் வைத்து நான் பார்த்ததில்லை.

இன்று உள்ளே போனேன் அண்ணா. வேடியப்பன் நடுக்கூடத்தில்தான் நிற்கிறார். மேலே விளக்கு எரிகிறது. நாம் சொன்ன பொய் அப்படியே நிஜமாகியிருக்கிறது. இடுப்பில் சங்கிலி உரசிய தடம் மட்டும் அந்த வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிகிறது. யாருக்கும் அது என்னவென்று தெரியாது. எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது.

சிலை முன்னால் எதையும் வைக்கக் கூடாதாம். அங்கிருந்த பெண் தன்மையாகத்தான் சொன்னாள். இந்தத் தடவை யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன், உனக்கும் சேர்த்து.

மல்லாட்டை இன்றும் என்னோடுதான் திரும்பி வந்தது.