வரப்பில் மறுபடி எறும்பு வந்துவிட்டது

என் குமரேசா, என் தம்பி,

உன்னிடம் சொல்லவா வேண்டாமா என்று இத்தனை நாள் தயங்கினேன். நம் வயல் வரப்பில் அந்தச் சிவப்பெறும்பு திரும்பவும் புற்று வைத்திருக்கிறது. போன வருஷம் புரட்டாசியில் நீ காலை வைத்தாயே, அதே மடைக்குப் பக்கத்தில்.

"எறும்பு கடிச்சு யாராவது சாவாங்களா?" கும்பகோணத்தில் என் தெருவில் இன்னும் கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல? மடைக்கு மண் அணைக்கப் போனவன் இடுப்புவரை கடி வாங்கினான், உடம்பெல்லாம் தடித்தது, மூச்சு அடைத்தது, பாபநாசம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அலர்ஜி என்றார் டாக்டர். இதைச் சொல்லி முடித்தாலும் அவர்கள் முகத்தில் நம்பிக்கை வருவதில்லை. எனக்கே வரவில்லையே.

உன் காரியம் முடிந்த மறுநாள் உன் பெண்டாட்டி கலை யாரிடமும் பேசாமல் வயலுக்குப் போனாள். பின்னாலேயே ஓடினேன். நாலு வரப்பிலும் குருணை மருந்தைத் தூவிக்கொண்டிருந்தாள். ஒரு புற்றைக்கூட விடவில்லை. பக்கத்து வயல் பன்னீரண்ணன் மட்டும், "பூரா வரப்புக்கும் வேணாம்மா, நம்ம கண்ணுக்குத் தெரியாம அதுங்க வயல்ல கொஞ்சம் வேலை செய்யுதுங்க" என்றார்.

"வேலை செஞ்சுதுங்களே, பார்த்தீங்கல்ல" என்றாள் கலை. அவர் தன் வயலுக்குத் திரும்பிவிட்டார். அவளிடம் அன்றைக்கு யார் என்ன சொல்லிவிட முடியும்?

மார்கழிக் கடைசியில் சம்பா கதிர் வந்தது. பால் பிடிக்க வேண்டிய கதிர் வரப்போரமாய் வெளுத்து விறைத்து நின்றது. உருவினால் கையோடு வந்தது. உள்ளே அத்தனையும் சாவி, வெறும் உமி, ஒரு மணி இல்லை. பன்னீரண்ணன் வயலில் அப்படி வெளுத்த கதிர் அங்கொன்றும் இங்கொன்றும்தான்.

வேளாண்மை ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்து தண்டைப் பிளந்து புழுவைக் காட்டினார். "மருந்து போட்டதாலதான் இப்படி ஆச்சா?" என்று கலை கேட்டாள்.

"அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. இலை நுனியில இந்தப் புழுவோட தாய் அந்துப்பூச்சி வைக்கிற முட்டைய அந்த எறும்பு தின்னும். விதைச்ச நெல்லையும் இழுத்துட்டுப் போகும். ரெண்டும் பண்ணும். நீங்க போட்ட மருந்துல எறும்போட, பூச்சியப் பிடிக்கிற சிலந்தியும் செத்திருக்கும்."

கலை அந்த வெள்ளைக் கதிரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "வயலுக்கு அது நல்லதுன்னா எனக்கென்ன அண்ணி? அது அவரைக் கொன்னுது" என்றாள் என்னிடம். நியாயம்தானே, குமரேசா? பயிருக்குக் காவல் என்று தெரிந்தபிறகும் ஓர் எறும்பைக் கண்டால் என் உடம்பு கூசுகிறது. சமையலறையில் சர்க்கரை டப்பாவைத் திறக்கும்போதுகூட.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடச் சொல்லி அவள் அண்ணன் எவ்வளவோ பேசிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. இந்த ஆவணியில் தானே நின்று விதைத்தாள். பயிர் கிளம்பியது, பின்னாலேயே எறும்பும் வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நான் வந்தபோது முழங்கால்வரை பூட்ஸ் மாட்டிக்கொண்டு, மருந்துப் பையோடு வரப்பில் நின்றிருந்தாள். மடைக்குப் பக்கத்தில், ஆள் நின்று மண் வெட்டுகிற இடத்தில் மட்டும் போட்டாள். பையைச் சுருட்டிக் கட்டினாள்.

"மத்தது இருக்கட்டும் அண்ணி. ஆனா நான் மன்னிக்கல."

திரும்பி வரும்போது சட்டென்று குனிந்தாள். ஓர் இலையின் நுனியில் பழுப்புப் பஞ்சுபோல ஒட்டியிருந்த முட்டைத் திரளை எறும்புகள் பிய்த்துக்கொண்டிருந்தன. வெகுநேரம் அதையே பார்த்தாள். "அவர் இருந்தா இதைப் பார்த்துக்கிட்டு சோத்துக்கு வரமாட்டாரு" என்றாள். அவளைக் கையைப் பிடித்து ரோட்டுக்குக் கூட்டிவந்தேன்.

அந்த எறும்புகளை விட்டுவைத்தது சரியா? உனக்குத் துரோகமா? ராத்திரி பகலாய் இதே யோசனை. நீ இருந்தால் சிரித்திருப்பாயோ, திட்டியிருப்பாயோ, அதுகூட எனக்குப் பிடிபடவில்லை.

ஒன்று மட்டும் உறுதியாய்ச் சொல்கிறேன். கலையைத் தனியாக அந்த மடைக்கு அனுப்பமாட்டேன். ஞாயிறுதோறும் நான் வருவேன். மற்ற நாளில் பன்னீரண்ணன் வந்து மடையைத் திறந்துவிடுவார், பேசி வைத்துவிட்டேன். அறுவடை முடிந்து நெல் வீடு சேரும்வரை அவள் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும்.

உன்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள்,
உன் அக்கா ராஜேஸ்வரி